ஜெசிந்தா அக்காவின் சைகைக் கொப்பி

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. நான் வேலையில் நின்றேன். எங்கள் சலவை ஆலையில் மெஷின்கள் ஓடும்போது எல்லோரும் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்போம், தொலைபேசி அடித்தால் கேட்காது. பைக்குள் அது அதிர்வதை மூன்றாவது தடவைதான் உணர்ந்தேன். கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடிப்போய் எடுத்தேன். ஜெசிந்தா அக்காவின் மகள் நிரோஷா பேசினாள். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். 

உள்ளே திரும்பி வந்தபோது துணி தேய்க்கும் அயன் றோலரடியில் நின்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கையால் கேட்டார்கள். வாயால் சொல்லிப் பயனில்லை. நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கும் மறுக்குமாக அசைத்தேன். ஆட்டத்தை நிறுத்து என்று பொருள். எங்கள் ஆலையில் அது எல்லோருக்கும் தெரியும். யாரோ பொத்தானை அழுத்த, றோலர் நின்றது. அந்தச் சைகையை எங்களுக்குப் பழக்கியவர் இறந்துவிட்டார் என்று அந்த அமைதியில்தான் சொன்னேன்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. எங்களோடு முன்பு வேலை செய்த ஒருவர் எழுந்து, அக்கா ஒரு தடவை ஒரு ஹோட்டலின் வெள்ளைப் பெட்ஷீற் முழுவதையும் ரோஸ் நிறமாக்கிய கதையைச் சொன்னார். அன்போடுதான் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்துப் பேச அழைக்கப்பட்டது நான். அக்காவின் மீன் குழம்பைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ரோஸ் நிறக் கதை பிழையானது. அது பிழை என்று தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி நிரோஷா கேட்டபோது உடனே ஓம் என்றதற்குக் காரணம் அதுதான். மண்டபத்தில் சொல்லாததை இதில் சொல்லப்போகிறேன். ஆனால் அதை நேரே சொன்னால் உங்களுக்கு விளங்காது. முதலில் அமெரிக்கன் ஃபுட்போல் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். அக்காவைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆலை ஸ்காபரோவில் இருக்கிறது. ஹோட்டல் துணியும் ஆஸ்பத்திரித் துணியும் வருவதால் வாரம் ஏழு நாளும் ஓடும். ஞாயிறு பகல் ஒன்றரைக்கு எங்களுக்கு அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. பிறேக் றூமில் ஒரு சின்ன ரீவி சுவரின் உச்சியில் மாட்டியிருந்தது. சத்தம் வைக்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் கட்டளை. என்ன சனல் என்பது கொதிகலன் அறையில் வேலை செய்த கெவினின் கட்டளை. ஒஷாவாவில் இருந்து வருகிற மனிதர். அமெரிக்கன் ஃபுட்போல் தவிர உலகில் வேறொன்றும் நடப்பதாக அவர் ஏற்றுக்கொண்டதில்லை.

எங்களுக்கு அந்த ஆட்டம் அறவே பிடிக்காது. ஐந்து விநாடி ஓடி விழுவார்கள், பிறகு எழுந்து நின்று கூட்டம் வைப்பார்கள். நாங்கள் ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிட்டையும் சம்பலையும் பங்கிட்டுச் சாப்பிடுவோம். ஒரு ஞாயிறு ஜெசிந்தா அக்கா தன் கதிரையை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"வதனி, உந்த வரிச் சட்டைக்காரரைப் பாரும்" என்றார். "உவையள்தான் கதைக்கினம். மற்றவையள் சும்மா ஓடுகினம்."

நான் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை வரிச் சட்டை போட்ட நடுவர்கள் ஏழு பேர். அதில் ஒருவருக்கு மட்டும் வெள்ளைத் தொப்பி. யாரோ மஞ்சள் துணியொன்றை நிலத்தில் வீசினார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் தனியாக முன்னுக்கு வந்து, எங்களை நேரே பார்த்து, ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு பந்தைத் தூக்கிக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அக்கா சாப்பாட்டை மூடிவைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு கொப்பியோடு வந்தார். பேரப்பிள்ளையின் பாடசாலைக் கொப்பி. முதல் நாலு பக்கத்தில் பெருக்கல் வாய்ப்பாடு இருந்தது, ஐந்தாம் பக்கத்தில் இருந்து அக்காவின் நடுவர்கள். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, கைகள் மட்டும் மிகக் கவனமாக வரையப்பட்டிருக்கும். கீழே மூன்று வரிகள். "என்ர ஊகம்", "சரியான விடை", "எங்கட இடத்தில". முதல் வரியை அன்றே நிரப்பிவிடுவார். இரண்டாவது வரி நிரம்பச் சில வேளை இரண்டு மாதமாகும். மூன்றாவது வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கெவினைக் கேட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நான் சொன்னேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "கேட்டா ஒரு நிமிசம். கண்டுபிடிச்சா ஒரு கிழமை. எனக்குக் கிழமைதான் வேணும்" என்றார். இயந்திரத்துக்கு முன்னால் நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்கிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. திங்கள் தொடங்கிச் சனி வரைக்கும் யோசிக்க ஒரு விஷயம் இருந்தது. வீட்டில் ரீவி இருந்தும் அங்கே ஆட்டத்தைப் பார்க்க மாட்டார். வீட்டில் பார்ப்பது களவு என்பார்.

அவர் கண்டுபிடித்த முறை இது. கையைப் பார்ப்பது, பிறகு பந்தைப் பார்ப்பது. சைகை காட்டியதும் பந்து எவ்வளவு பின்னுக்குப் போகிறது என்று மைதானத்தின் கோடுகளை எண்ணிக் குறித்துக்கொள்வார். ஐந்து யாட், அதாவது ஐந்து கெஜம், போனால் சின்னப் பிழை. பத்து என்றால் நடுத்தரம். பதினைந்து என்றால் கொழுப்பெடுத்து ஆருக்கோ அடித்திருக்கிறான். தலைக்கு மேலே ஒரு மணிக்கட்டால் மற்ற மணிக்கட்டை அடித்துக் காட்டியபோதெல்லாம் பந்து பதினைந்து போனது. அதை மூன்று ஞாயிறு தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடையை எழுதினார். எனக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. இடைவேளை முடியும் மணி அடித்ததும் கடைசி வாயை மென்றுகொண்டே, "அது பத்தோ, ஐஞ்சோ?" என்று வாதாடிக்கொண்டு இயந்திரத்துக்குப் போவோம்.

அவருடைய ஊகங்களைப் படித்தால் எங்கள் ஊர்ச் சனம் மட்டுமே விடக்கூடிய பிழைகள் அவை என்று தெரியும். நடுவர் ஒருவர் நெஞ்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா எழுதினார்: "ஆருக்கோ மரியாதை குடுக்கிறார். பெரிய ஆள் ஒருவர் மைதானத்துக்கு வந்திருக்க வேணும்." பெரியவர்களுக்கு முன் கை கட்டி நின்று வளர்ந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும். உண்மையில் அது, குறித்த நேரத்துக்குள் ஆட்டத்தைத் தொடங்காமல் இழுத்தடித்த குற்றம். ஐந்து யாட்.

இன்னொருவர் வலது கையைத் தலையில் வைத்தார். தலையில் கை வைத்தால் எங்களுக்கு எல்லாம் போய்விட்டது என்றுதான் அர்த்தம். "றெஃபரி தானே பிழை விட்டிட்டார், பாவம்" என்று எழுதியிருக்கிறது. பந்தைப் பிடிக்க உரிமை இல்லாத ஓர் ஆட்டக்காரன் முன்னுக்கு ஓடிப்போய்விட்டான் என்பதுதான் அதற்கு விடை என்று வெகு காலம் கழித்துத் தெரிந்தது.

எல்லாவற்றிலும் பெரியது கும்பிடு. ஒரு நாள் வெள்ளைத் தொப்பிக்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி உள்ளங்கைகளைக் கூப்பினார். அக்கா முழங்கையால் என்னை இடித்தார். அவர் மன்னார்க் கத்தோலிக்கர், நான் சைவம். "வதனி, உங்கட ஆள். அரோகரா போடுறார்." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. அமெரிக்காவின் நடுமைதானத்தில் முருகனைக் கூப்பிடுகிற ஒரு மனிதர். அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை என்பதால் விடை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பந்தை வைத்திருப்பவனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய் அவனுடைய சொந்த எல்லைக்குள்ளேயே விழுத்தினால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. அதற்குத்தான் அந்தக் கும்பிடு. "தன்ர வீட்டுக்குள்ளயே விழுந்தவன் கும்பிடத்தானே வேணும்" என்றார் அக்கா. முருகனைக் கைவிட எனக்குத்தான் மனமில்லை.

கனடாவின் சொந்த ஆட்டத்தையும் கெவின் ஒரு நாள் போட்டார். மைதானம் பெரிது, நாலு தடவை முயலுவதற்குப் பதில் மூன்று தடவை, பிழைக்கு வீசும் துணிக்கொடி மஞ்சள் அல்ல, செம்மஞ்சள். அக்கா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அதே வேதம், வேற சபை" என்று சொல்லிக் கொப்பியை மூடினார்.

மூன்றாவது வரிக்கு வருகிறேன். "எங்கட இடத்தில." சைகைகள் பிறேக் றூமைத் தாண்டி ஆலைக்குள் வந்தது அதன் வழியாகத்தான். பெரிய பெட்ஷீற்றை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து உதறி றோலருக்குள் விட வேண்டும். இருவரும் ஒரே கணத்தில் கையை எடுக்க வேண்டும். நான் எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் விடுவேன், துணி கோணலாகப் போகும். ஒரு நாள் அக்கா ஏப்ரன் பையில் இருந்து மஞ்சள் தூசித் துணியொன்றை எடுத்து என் காலடியில் போட்டார். தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார்: விடவேண்டியதைப் பிடித்து வைத்திருந்த குற்றம். பிறகு பின்னுக்குப் போகும்படி கையை நீட்டினார். பத்து யாட்டுக்கு ஒரு காலடி பின்னால் போய் நிற்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நான் போய் நின்றேன். றோலரடியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதத்தில் எல்லோரும் பழகிவிட்டார்கள். பிலிப்பைன்ஸ் பெண்களுக்கும் ஜமெய்க்காப் பெண்களுக்கும் எங்களுக்கும் இடையில் பாதி இங்கிலீஷ்தான் இருந்தது, அதையும் இயந்திரச் சத்தம் விழுங்கிவிடும். இப்போது இருபதடி தள்ளி நிற்பவரோடு சண்டை பிடிக்கவும் சமாதானம் ஆகவும் முடிந்தது. மற்றவர் ஆயத்தமாகும் முன் துணியை விட்டால் முன்கைகளை ஒன்றையொன்று சுற்றிக் காட்டுவோம். இடைவேளை முடிந்து பிந்தி வந்தவருக்குக் கை கட்டு. கொடி விழுந்தால் வாதாடக் கூடாது, பின்னால் போக வேண்டும். மனேஜர் ஒரு நாள் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துவிட்டு, நாங்கள் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துப் பாராட்டினார்.

இனி அந்த ரோஸ் நிறம்.

அது ஒரு செப்டெம்பர் மாதம். வரிசைக்குப் பொறுப்பான லீட் வேலை காலியாகப்போகிறது, அது ஜெசிந்தா அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்கு அப்போது வேலை போயிருந்தது. வந்த துணிகளைப் பிரிக்கும் சோட்டிங் மேசைக்கு நேரே அன்றைய வேலைத் தாளில் அக்காவின் பெயர், றோலருக்கு நேரே என் பெயர். எனக்குத் தோள்மூட்டு நோ. கையை உயர்த்த முடியவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நீர் மேசைக்குப் போம், நான் றோலருக்குப் போறன்" என்றார். அலுவலகத்தில் சொல்லாமல் இடம் மாறினோம். றோலரில் ஆட்கள் மாறி மாறி நிற்பதால் மற்றவர்களும் அதைக் கவனிக்கவில்லை. ஹோட்டல் துணிக்குள் ஒரு சிவப்புத் துடைக்கும் துணி சுருண்டு கிடந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. மெஷினைத் திறந்தபோது வெள்ளைப் பெட்ஷீற் அத்தனையும் ரோஸ்.

மனேஜர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் முன்னால், சோட்டிங்கில் நின்றது யார் என்று கேட்டார். தாளில் இருந்த பெயரை அவரே வாசித்தார். நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிழமை முழுவதும் மஞ்சள் துணி என் காலடியில் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதற்குப் பிறகு மற்றச் சின்னப் பிழைகளுக்கெல்லாம் விழுந்தது, பழையபடி பகிடி விட்டார், பழையபடி சம்பலைப் பங்கிட்டார். இதற்கு மட்டும் விழவில்லை. ஜனவரியில் லீட் வேலையை எனக்குத் தந்தார்கள். கண்ணாடி அறைக்குள் போய்க் கையெழுத்து வைத்தேன். வெளியே வந்தபோது முதலில் கை கொடுத்தவர் ஜெசிந்தா அக்கா. அவர் ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் ரோஸ் நிறத் தலையணை உறை ஒன்றைப் பரிசாகக் கொடுத்துப் பகிடி பண்ணினார்கள். அவர் அதைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தார். நானும் கை தட்டினேன். எழுதும்போது கூசுகிறது.

செப்டெம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் ஒரு விஷயம் நடந்தது. அக்காவின் கொப்பியில் ஒரு பக்கம் விடை இல்லாமல் பல கிழமையாகக் கிடந்தது. கொடி விழுகிறது. வெள்ளைத் தொப்பிக்காரர் முன்னுக்கு வந்து இன்ன பிழை என்று சைகை காட்டுகிறார், மைக்கில் ஏதோ சொல்கிறார். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பளவில் நீட்டிக் குறுக்காக வீசுகிறார், மேசையைத் துடைத்துவிடுவதைப் போல. பந்து ஓர் அங்குலமும் பின்னுக்குப் போவதில்லை. ஒன்றுமே நடக்காததுபோல எல்லோரும் ஆடத் தொடங்குகிறார்கள்.

"பிழை நடந்திருக்கு" என்று விரலை மடித்தார் அக்கா. "கொடி விழுந்திருக்கு. ஆர் செய்தது எண்டும் சொல்லியாச்சு. ஆனா ஒருத்தரும் பின்னுக்குப் போகேல்லை. என்னெண்டு?"

 அந்தக் கேள்வி என்னைப் பற்றியதோ என்று அவரை நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் முகத்தில் ஆவலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கடைசியில் தன் விரதத்தை முறித்துக் கெவினிடம் போனார். கெவின் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாதே தவிர, படங்கள் அத்தனையும் அவருக்கு விளங்கின. தலையில் கை வைத்த படத்தில் நின்று, முப்பது வருடமாகப் பார்க்கிறேன், இது என்னவென்று எனக்கே தெரியாது என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அக்கா கேட்டதற்கு மறுமொழி சொன்னார். பிழையால் பாதிக்கப்பட்ட அணி விரும்பினால் தண்டனை வேண்டாம் என்று சொல்லலாம். அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல மனம் என்று நினைத்துவிட வேண்டாம், நடந்து முடிந்ததே அவர்களுக்கு வாசியாக, அதாவது லாபமாக, இருந்தால் அப்படிச் சொல்வார்கள்.

அக்கா திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.  "வதனி, இந்த நாட்டில நான் கண்ட நல்ல சட்டம் உதுதான்" என்றார். "பிழையை மறைக்கேல்லை, பாத்தனீரே. இன்ன நம்பர்காரன் இன்னது செய்தவன் எண்டு முழுச் சனத்துக்கும் மைக்கில சொல்லுறார். பிறகுதான் வேண்டாம் எண்டுறது. சொல்லாமல் வேண்டாம் எண்டு விட ஏலாது."

அதைச் சொல்லிவிட்டுச் சம்பலை என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மேசையில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம்.

லீட் ஆன பிறகு எனக்கு ஞாயிறு வேலை இல்லை. ஆட்டத்தை வீட்டில் சத்தத்தோடு பார்த்தேன். அதில் ஒரு ருசியும் இல்லை, எல்லாவற்றையும் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திங்கள் காலையில் அக்கா வந்து தான் என்ன புதுச் சைகை கண்டார் என்று சொன்னால்தான் எனக்கு ஆட்டம் நடந்ததாக இருக்கும்.

கடைசியாக அவரைப் பார்த்தது யூனியன்வில்லில், நிரோஷா வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். இறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பு. மிகவும் மெலிந்திருந்தார். தலையணையில் சாய்ந்தபடி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் இல்லாமல். நிரோஷா கீழே போனதும் நான் தொடங்கினேன்.

"அக்கா, அந்தச் சிவப்புத் துணி..."

அவர் ரீவியில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கட்டினார். கைகள் குச்சியாகிவிட்டன, கட்டுவதற்கே நேரம் எடுத்தது. இழுத்தடித்த குற்றம். ஐந்து யாட். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"எட்டு வருசம்" என்றார். "சரி, சொல்லும்."

நான் சொல்லவில்லை.  இந்த நிலையில் இருப்பவரிடம் இதைச் சொல்லி என்ன என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். "ஒண்டுமில்லை அக்கா, பேந்து சொல்லுறன்" என்றேன். அவர் கைகளை அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் ரீவியைப் பார்த்தார். "ஓம். ஆட்டம் இன்னும் முடியேல்லைத்தானே" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, என்மேல்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

நினைவு மலருக்கு எழுத உதவும் என்று நிரோஷா கொப்பியை என்னிடம் தந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அக்காவின் கிழமை முறைக்கு நானும் பழகியிருக்க வேண்டும். மேலே எழுதிய ஊகங்களெல்லாம் அப்படிப் பார்த்தவைதான். போன சனிக்கிழமை அந்தக் கைவீச்சுப் பக்கத்துக்கு வந்தேன். படம் இருந்தது. "என்ர ஊகம்" என்ற இடத்தில் கேள்விக்குறி மட்டும். "சரியான விடை" என்ற இடத்தில், தண்டனை வேண்டாம் எண்டு சொல்லுறது, கெவின் சொன்னவர், என்று எழுதியிருந்தது. கீழே, அதே நீலப் பேனையால், "எங்கட இடத்தில" என்பதற்கு நேரே இப்படி இருந்தது:

"வதனி. சிவப்புத் துணி. கொடியை நான் போட மாட்டன், அவதான் சொல்ல வேணும். சொன்ன உடனை வேண்டாம் எண்டு சொல்லுவன். லீட் ஆக்களுக்கு ஞாயிறு இல்லை. எனக்கு உதுதான் வாசி."

வேலை போனாலும் ஞாயிறு ஆட்டம் தனக்கு மிஞ்சியதே லாபம் என்ற அந்தக் கடைசி வரி உண்மையோ, அல்லது நான் என்றைக்காவது வாசித்தால் மனம் ஆறட்டும் என்று எழுதியதோ, எனக்குத் தெரியாது. இரண்டும் அக்கா செய்யக்கூடியதுதான். எட்டு வருடமாக அந்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் வாய் திறந்திருந்தால் போதும்.

ஆகையால் அக்காவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும், கெவினுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், இதை அறிவிக்கிறேன். அன்று சோட்டிங் மேசையில் நின்றது நான். சிவப்புத் துணியைக் காணாமல் விட்டது நான். மனேஜர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றதும், அக்காவுக்கு வரவேண்டிய வேலையை வாங்கிக்கொண்டதும் நான். ஜெசிந்தா அக்காவின் கையால் ஒரு வெள்ளைத் துணிகூட நிறம் மாறவில்லை. இனி அந்தக் கதையைச் சொல்பவர்கள் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். நிரோஷா, இதில் ஒரு சொல்லும் வெட்டாமல் அச்சில் போடம்மா.

கொப்பியை நீங்களே வைத்திருங்கோ என்று நிரோஷா சொல்லிவிட்டாள். அக்காவிடம் இருந்து எனக்கு எஞ்சியது அதுவும், எனக்கு முன்னால் கட்டிக் காட்டிய அந்த இரண்டு மெலிந்த கைகளும். ஞாயிறுகளில் சத்தத்தை நிறுத்திவிட்டு, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தில் அவருடைய எழுத்துக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. "சொல்லிப்போட்டன், அக்கா" என்று எழுதியிருக்கிறேன்.